பிள்ளைக்காசு

போலந்திலிருந்து அந்தக் கடிதம் வந்த நாளில் நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று அறிவித்துவிட்டு வீட்டில் நின்று செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இருந்தது உண்மை. கறித்தூள் முடிந்துபோயிருந்ததும் உண்மை. மகள் கீழே தபால்பெட்டியைத் திறந்துவிட்டு மூன்று மாடியையும் ஓடியே ஏறி வந்தாள். கதவைத் திறந்ததும் மிளகாய் நெடியில் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மித் தும்மியே, "அம்மா, என்னை எடுத்திட்டினம்," என்றாள்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அப்போது இருபது வயது. ஒஸ்லோவில் மருத்துவம் படிக்க அவளுக்குப் புள்ளிகள் போதவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்து இரண்டு பாடங்களைத் திருப்பி எழுதினாள். இரண்டாம் முறையும் மயிரிழையில் தவறிவிட்டது. நான் அழுதேன், அவள் அழவில்லை. தானாகவே போலந்தில் ஒரு அரச மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டு, பரீட்சையும் எழுதியிருந்தாள். அது சரிவராவிட்டால் என்று ஒஸ்லோவிலேயே தாதிப் படிப்புக்கும் போட்டு வைத்திருந்தாள். எதிலும் இரண்டு வழி வைத்திருக்கிற பிள்ளை அவள். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது என்று அப்போது பெருமைப்பட்டேன்.

என் கணவர் பேருந்து ஓட்டுபவர். பின்னேரம் வேலையால் வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று கடிதத்தை வாசித்தார். முதல் பக்கத்தில் முகம் மலர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் கட்டண விபரம் இருந்தது.

"அரசாங்கப் பல்கலைக்கழகம் எண்டெல்லோ போட்டிருக்கு. பிறகென்னத்துக்கு இவ்வளவு காசு?"

"அது அங்கத்தைய பிள்ளையளுக்குத்தான் அப்பா சும்மா. வெளியிலை இருந்து போறாக்கள் கட்டோணும்."

"நாங்கள் எங்கை போனாலும் வெளியாக்கள்தான்," என்று சொல்லிவிட்டு அவர் சப்பாத்தைக் கழற்றினார். பதில் அனுப்ப மூன்று கிழமை தந்திருந்தார்கள். அதற்குள் முதல் தவணைக் காசும் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மூவரும் மேசையில் இருந்தோம். கணவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்றை எடுத்து, மகள் சின்ன வயதில் ஆனா ஆவன்னா எழுதிய பக்கங்களைத் தாண்டி வெறும் பக்கம் ஒன்றில் கோடு போட்டார். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்கும் நோர்வே அரசு கடனும் உதவியும் கொடுக்கும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது போதும். கட்டணத்திலும் ஒரு பங்கு தரும். அதற்கு மேலே வருவது எங்கள் தலையில். மகள் எல்லாவற்றையும் கணினியில் பார்த்து எழுதி வைத்திருந்தாள். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் வருடத்துக்கு என்னுடைய மூன்று மாதச் சம்பளம் இடித்தது. அப்படி ஆறு வருடம்.

எங்களுக்கு வருகிற காசுக்கும் போகிற காசுக்கும் நடுவில் ஒரு வெற்றிலைக் கனம்கூட இடைவெளி கிடையாது. ஒஸ்லோவின் புறநகரான ரொம்மனில் நாங்கள் வாங்கியிருந்த வீட்டுக்குக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. கணவரின் இரண்டு தங்கைகளுக்கும் மாதாமாதம் அனுப்ப வேண்டும். ஊரில் சண்டை திரும்பவும் தொடங்குகிற காலம். "அதிலை மட்டும் கை வைக்கேலாது," என்று நாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்னரே அவர் சொன்னார். நாங்களும் அதைக் கேட்கிறவர்கள் இல்லை.

"காரை விப்பம். விடியப்புறம் பேப்பர் போடுற வேலைக்கு ஆள் தேவையெண்டு நேற்றே கேட்டு வைச்சிட்டன்," என்றார்.

அந்த வேலையை அவர் முன்னரும் செய்தவர். ஏழு வருடம் மாடிப்படி ஏறி இறங்கித்தான் முழங்கால் இரண்டும் பழுதாகின. மருத்துவர் வேண்டாம் என்று நிறுத்திய வேலை அது. மகள் தகப்பனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அந்த மேசையில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தபோது, ஆறு வருடப் பள்ளத்தையும் நிரப்புகிற அளவு காசு வங்கியில் என் பெயரில் கிடந்தது.

இந்த நாட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், பதினெட்டு வயது மட்டும் அரசாங்கம் மாதாமாதம் தாயின் பெயருக்கு ஒரு தொகை அனுப்பும். எங்கள் ஆட்கள் அதைப் பிள்ளைக்காசு என்பார்கள். பனிச்சப்பாத்து, மழைச்சட்டை, பள்ளிக்கூடச் சுற்றுலா, அப்படியான செலவுகளுக்கு என்று தருவது. நான் அதில் ஒரு குரோனரும் தொடவில்லை. பனிச்சப்பாத்தை என் சம்பளத்தில் வாங்கினேன். சில வருடங்களில் யாரோ போட்டுக் கழித்ததை வாங்கினேன். பிள்ளைக்காசு வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுவேன். அது அவளுடைய சீதனக் காசு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் அக்காவுக்கு மூன்று சம்பந்தம் பேசி, மூன்றும் சீதனத்தில் குழம்பின. நாலாவது சரிவந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை வீட்டார் குடித்துவிட்டுப் போன தேத்தண்ணிக் கோப்பைகளை அவளே கழுவுவாள். ஒஸ்லோவில் பிள்ளைப்பேற்று அறையில் தாதி வந்து பொம்பிளைப் பிள்ளை என்று சொன்னபோது, சந்தோஷத்துக்கு நடுவில் எனக்கு வந்தது அக்காவின் முகம். அடுத்த மாதமே கணக்குத் திறந்துவிட்டேன். பயத்துக்கு நாடும் தெரியாது, காலமும் தெரியாது.

கணவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அவர் ஒரு சதமும் வாங்காமல் என்னைக் கட்டினவர். அதை வீட்டுக்கு வருகிற ஆளுக்கு ஆள் சொல்லுவார். பொங்கல் விழாவில் ஒலிவாங்கி கிடைத்தாலும் சொல்லுவார். அவர் மேடையில் சீதனத்தை ஒழித்துக்கொண்டிருந்தார், நான் வங்கியில் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குத் தெரியும். இங்கே வரிப்படிவம் ஒவ்வொரு வசந்தத்திலும் ஆளாளுக்குத் தனித்தனியே தபாலில் வரும். யார் யாருக்கு எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் அச்சடித்திருக்கும். கணவர் தன்னுடையதையே வாசிக்காதவர். எங்கள் வீட்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இருந்து அரசாங்கக் கடுதாசிகள் எல்லாம் மகளின் பொறுப்பு, இரண்டு படிவத்தையும் சரிபார்ப்பவள் அவள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்தேன். சாப்பிடுகிறவருக்குத் தெரியவில்லை, பரிமாறுகிறவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதின்மூன்று வயதில் ஒரு நாள் படிவத்தில் விரலை வைத்து, "இது என்ன காசு அம்மா?" என்று கேட்டாள்.

"அது உனக்குத்தான். உன்ரை கலியாணத்துக்கு. அப்பாவுக்குச் சொல்லிப் போடாதை."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அதன் பிறகு அவள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் கோயம்புத்தூரில் இருந்து வந்த ஒரு தம்பி இருந்தார். கணினி வேலை. தனி ஆள். எங்கள் கறித்தூளில் ருசி பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு சாட்டில் இறங்கி வருவார். நாங்கள் மேசையில் கணக்குப் பார்த்த அடுத்த நாள் வந்தவரிடம் கணவர் விஷயத்தைச் சொன்னார். அந்தத் தம்பி வடையைக் கடித்தபடி வெகு இயல்பாகச் சொன்னார்:

"ரொம்ப யோசிக்காதீங்கண்ணா. எங்க பக்கமெல்லாம் பொண்ணு பொறந்த அன்னிக்கே ஏதாச்சும் சேர்த்து வைக்க ஆரம்பிச்சுருவாங்க. அக்காவும் போட்டு வச்சிருப்பாங்கள்ல? அதை எடுத்துப் படிப்புக்குக் கட்டிருங்க. கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். "தம்பி, அது உங்கடை ஊர்ப் பழக்கம். இந்த வீட்டிலை சீதனம் எண்ட கதைக்கே இடமில்லை. நான் இவவைக் கட்டேக்கை..."

"சரிங்கண்ணா, சரிங்கண்ணா," என்று அந்தத் தம்பி பயந்துபோனார்.

நான் தேநீரைக் கோப்பையில் வார்த்துக்கொண்டிருந்தேன். அது தட்டிலும் வழிந்தது. மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எழும்பிப்போய்த் துணியை எடுத்து வந்து தட்டைத் துடைத்துவிட்டு, "அண்ணா, இன்னுமொரு வடை போடட்டோ?" என்று கேட்டாள். கதை வடைக்குத் திரும்பியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காட்டிக்கொடுக்காத பிள்ளை என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது.

கேட்டால் கொடுப்பேனா என்று அந்த நாட்களில் என்னையே கேட்டுப் பார்த்தேன். மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. கொடுத்தால் அவள் மருத்துவர். ஆனால் படித்து முடிக்கும்போது இருபத்தாறு வயது, கையில் ஒன்றும் இல்லை. மருத்துவர் என்றால் மாப்பிள்ளையும் அதற்கு மேலே கேட்பான். கொடுக்காவிட்டால் அவள் தாதி. நல்ல வேலை, நல்ல சம்பளம், வீட்டோடு இருப்பாள், காசும் இருக்கும். இப்படி எனக்கு நானே வழக்காடி எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அவள் கேட்காமல் இருக்கும் வரைக்கும் நான் மறுத்தவளாக மாட்டேன் என்பதுதான் அந்த வழக்கின் சாரம்.

அவள் கேட்கவில்லை. இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம், புட்டைக் குழைத்தபடி, நாளைக்குக் கடைக்குப் போகிறேன் என்பது போலச் சொன்னாள்:

"நான் போலந்துக்குப் போகேல்லை. இஞ்சை தாதிப் படிப்புக்கு ஓம் எண்டு போடப்போறன்."

"பேப்பர் வேலைக்கு நான் ஓம் எண்டிட்டன்," என்றார் தகப்பன்.

"உங்கடை முழங்காலிலை ஏறி நான் டொக்டராக வேண்டாம் அப்பா."

அவர் கோபப்பட்டார், அதட்டினார், பிறகு கெஞ்சினார். அவள் அசையவில்லை. கடைசியில் அவர் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனி மாதத்து வெயில் இன்னும் போகாமல் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நான் பாத்திரம் கழுவினேன். நான் விரும்பியபடிதான் எல்லாம் நடந்திருந்தது. நிம்மதி வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

நான் ஒரு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். அந்தக் கோடை விடுமுறைக்கு மகளும் அங்கேயே வேலைக்கு வந்தாள், மேல்மாடியில் வயோதிபர்களைப் பராமரிக்கிற வேலை. அங்கே ஒரு பெரியவர், பழைய கப்பல்காரர், மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்புவார். அவருடைய தட்டு எப்போதும் நிறைந்தபடியே கீழே வரும். பிடிவாதக்காரக் கிழவர் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். மகள் மூன்று நாள் அவரைக் கவனித்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குக் கை அதிகம் நடுங்குகிறது, கரண்டியைப் பிடிக்க முடியாமல் வெட்கத்தில் வேண்டாம் என்கிறார், இரண்டு மணிக்கு நடுக்கம் குறைகிறது என்று நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிப் பொறுப்பான தாதியிடம் கொடுத்தாள். தாதி அதை மருத்துவரிடம் காட்ட, அவர் குளிசை கொடுக்கிற நேரத்தை மாற்றினார்.

அதற்கு நாலாம் நாள் அந்தத் தட்டு வெறுமையாகக் கீழே வந்தது. அதைக் கொண்டுவந்தது மகள்தான். "அம்மா, பாருங்கோ! நான் நினைச்சது சரி!" என்று தட்டைத் தூக்கிக் காட்டினாள். கண்கள் அப்படி மின்னின. அடுத்த கணம் என்ன நினைத்தாளோ, தட்டைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளிடமிருந்து நான் எதைப் பிடுங்கி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அன்று இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிந்தது. சுரங்க ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தோம். போலந்துக்குப் பதில் அனுப்ப இன்னும் நாலு நாள் இருந்தது. குரோருட் நிலையத்தில் ஆட்கள் இறங்கி எங்களுக்கு எதிர் ஆசனம் வெறுமையானதும் கேட்டேன்:

"பிள்ளை, நீ ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"எதை?"

"அந்தக் காசை."

அவள் தெரியாதது போல நடிக்கவில்லை. "அது என்ரை காசில்லையே அம்மா."

"உனக்குத்தானே சேர்த்தனான்? அண்டைக்கே சொன்னனான்தானே?"

"எனக்கில்லை. என்னைக் கட்டப்போற ஆரோ ஒருத்தருக்கு."

ரயில் மலைக்குள் நுழைந்து யன்னல் இருண்டது. கண்ணாடியில் அவள் முகமும் என் முகமும் தெரிந்தன. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"ஒவ்வொரு வருசமும் உங்கடை படிவத்தைப் பாப்பன். ஒவ்வொரு வருசமும் அது கூடியிருக்கும். பள்ளிக்கூடத்திலை எனக்கு நல்ல புள்ளி வாற வருசமும் கூடும். அப்ப, நான் எவ்வளவு படிச்சாலும் என்னை எடுக்க ஒராளுக்கு இவ்வளவு குடுக்கோணும் எண்டுதான் அம்மா நினைக்கிறா எண்டு நினைப்பன். நான் அவ்வளவு பாரமோ எண்டு இருக்கும். அந்தக் காசிலை படிக்க எனக்கு விருப்பமில்லை."

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, பதினாலு வயது, பதினைந்து வயது. நான் பக்கத்தில் நின்று தோசை சுட்டுக்கொண்டிருந்திருப்பேன். சீதனம் இல்லாமல் அக்கா பட்ட வேதனை என் பிள்ளைக்கு வரக்கூடாது என்று சேர்த்த காசு, அதே வேதனையை ஒவ்வொரு வசந்தத்திலும் தபாலில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

ரொம்மனில் இறங்கினோம். மேடையில் இருந்த வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

எங்கள் ஆட்களிடம் தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. அதற்கு என்ன சொல் பாவிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. "நீ பாரமில்லையடி. பயந்தது நான். நீயில்லை," என்றேன். பிறகு அழுதேன். ரயிலால் இறங்கிய ஆட்கள் எங்களைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் என் கையை விடவில்லை. ஆனாலும் மாட்டேன் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

"சரி அம்மா, விளங்குது. ஆனா அது நீங்கள் அடுப்படியிலை நிண்டு உழைச்ச காசு. எனக்கு வேண்டாம்."

"ஆர் சொன்னது? அது என்ரை சம்பளக் காசில்லை. உனக்கு வந்த பிள்ளைக்காசு."

அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எது?"

"அரசாங்கம் மாதாமாதம் அனுப்பின பிள்ளைக்காசு. நீ பிறந்த மாதத்திலை இருந்து."

"முழுக்கவோ?"

"முழுக்க."

முதலில் அவளுடைய உதடு துடித்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாங்கில் சரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா! நோர்வே அரசாங்கம் பதினெட்டு வருசமா எனக்குச் சீதனம் சேர்த்திருக்கு! அவையளுக்கே தெரியாது!" நானும் சிரித்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அப்படி இருவரும் சேர்ந்து சிரித்துக் கனகாலம். அடுத்த ரயிலும் வந்து போய்விட்டது.

சிரித்து முடிந்ததும் அவள் சொன்னாள்: "முதலிலை அப்பாவுக்குச் சொல்லுங்கோ. ஒளிச்சு வைச்ச காசிலை நான் போகமாட்டன்."

மூன்று மாடி ஏறுவதற்குள் பத்துத் தரம் ஒத்திகை பார்த்தேன். அவர் மேசையில் இருந்து கார் விற்கிற விளம்பரத்துக்குப் படம் தெரிவுசெய்துகொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ, ஒரு கதை," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மகள் ரயிலில் சொன்னதையும் சொன்னேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. எழும்பி நடக்கப் போய்விட்டார். அடுத்த நாளும் பேசவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய வெட்கத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை, வேலைக்கு வெளிக்கிட்டு வாசலில் நின்றபடி சொன்னார்: "இனி நான் ஒலிவாங்கியைப் பிடிச்சால் என்னைக் கேளும். ஊருக்கு உபதேசம் செய்துகொண்டு திரிஞ்சிருக்கிறன். பக்கத்திலை இருக்கிற பிள்ளை என்ன நினைக்குது எண்டு பாக்கேல்லை." சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். "வங்கி எத்தினை மணிக்குத் திறக்கும்?"

நானும் மகளும் போனோம். வங்கியோ வரி அலுவலகமோ மருத்துவரோ, எங்கே போனாலும் எனக்காக அவள்தான் கதைப்பாள். அவளுக்கு எட்டு வயதில் தொடங்கிய வழக்கம் அது. சமையலறைக்கு என் நோர்வேஜியம் போதும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு முன்னால் எனக்கு நாக்குத் தடித்துவிடும். அன்று கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வயதில் என் மகளை விடக் கொஞ்சம்தான் கூடியவள், பொன்னிற முடி, நல்ல பண்பான பிள்ளை. நான் அடையாள அட்டையை வைத்து, இந்தக் கணக்கில் இருப்பது முழுவதையும் மகளின் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று நானே சொன்னேன். மகள் வாயைத் திறக்கப் போனவள், என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் தொகையைப் பார்த்தாள். பெரிய தொகை என்பதால் ஒரு விபரம் பதிய வேண்டும் என்றாள். பிறகு வழமையான குரலில், எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, இது அன்பளிப்பா, கடனா என்று கேட்டாள்.

அன்பளிப்பு என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"இரண்டும் இல்லை," என்றேன். என் உடைந்த நோர்வேஜியத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னேன். "இது அவளுடைய காசு. கொடுப்பதற்கு எனக்குப் பிந்திவிட்டது."

நான் எதையோ பிழையாகச் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் விளங்காமல் மகளைப் பார்த்தாள், நீங்கள் சொல்லுங்கள் என்பது போல. பன்னிரண்டு வருடமாக என் பிழைகளையெல்லாம் திருத்திச் சொன்ன பிள்ளை அன்று திருத்தவில்லை.

"அம்மா சொன்னது சரி," என்றாள்.

அந்தப் பெண் எந்தப் பெட்டியில் குறி போட்டாளோ தெரியாது. தாள் ஒன்றை நீட்டினாள், நான் கையெழுத்து வைத்தேன். வெளியே வந்ததும் மகள் தெருவில் நின்றுவிட்டாள். அந்த மூன்று கிழமையும் என்னிடம் ஒன்றுமே கேட்காமல் இருந்தவள், முதல்முறையாகக் கேட்டாள்.

"அம்மா, அப்ப நான் போகட்டோ?"

ஓம் என்று சொன்னேன். அதற்கு மேலே சொல்ல எனக்குத் தமிழும் வரவில்லை.